மலிவுக் கணினியின் கதை: ஐபிஎம்மின் அவசரத்திலிருந்து எங்கட மேசை வரை

ஏ.எல் முடிச்ச எங்கட தம்பியொருத்தன், ஒரு வருசமாச் சேர்த்த காசோட வந்து கேட்டான்: "இதுக்குள்ள ஒரு கேமிங் கணினி பொருத்தலாமோ?" நாங்கள் ஒருத்தரும் அதுக்கு முதல் மதர்போட்டைக் கையால தொட்டதில்லை. வீடியோக்களைப் பார்த்துச் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது எங்களுக்கு வேறொரு கேள்வி வந்தது. ஒரு கம்பனியின்ர புரொசசர், இன்னொரு கம்பனியின்ர மதர்போட், வேறெங்கேயோ செய்த றாம். இதெல்லாம் எப்பிடி ஒண்டோட ஒண்டு பொருந்துது? போன்ல பற்றரி மாத்திறதே பெரிய பாடா இருக்கிற இந்தக் காலத்தில?

அதுக்கான பதில் 1981 இல இருக்கு. அந்த வருசம் ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஐபிஎம் தன்ர முதல் பிசியை அறிவித்தது. மேசைக் கணினிச் சந்தையில் மற்றவர்கள் முந்திவிட்டார்கள். அதனால் புளோரிடாவில் டொன் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் இருந்த சின்னக் குழுவுக்குக் கிடைச்சது ஏறக்குறைய ஒரு வருசம்தான். எல்லாத்தையும் சொந்தமாகச் செய்ய நேரமில்லை. புரொசசரை இன்ரெலிடமும் இயங்குதளத்தை மைக்ரோசொப்டிடமும் வாங்கினார்கள். மற்றவர்களும் காட் செய்து செருகட்டும் எண்டு சுற்றுப்படங்களையும் புத்தகமாக வெளியிட்டார்கள். தாராள மனசு எண்டு நினைக்கவேண்டாம், அவசரம்தான் காரணம்.

ஐபிஎம்மின்ர கையில மிஞ்சினது ஒரே ஒரு பூட்டு: கணினியை எழுப்பிவிடுகிற பயோஸ். அதுக்குக் காப்புரிமை இருந்தது. 1982 இல் தொடங்கின கொம்பாக் கம்பனி அதையும் தாண்டியது. ஐபிஎம் பயோஸ் என்ன செய்யுது எண்டதை மட்டும் ஒரு குழு எழுதிக் கொடுத்தது. அந்தக் கோடைக் கண்ணாலயும் காணாத இன்னொரு குழு, அதே வேலையைச் செய்யும் புதுசொன்றை எழுதியது. களவில்லை எண்டு சட்டமும் ஏற்கவேண்டிய வழி. 1984 இல் பீனிக்ஸ் கம்பனி இப்பிடி எழுதின பயோசைக் கேட்டவர்களுக்கெல்லாம் விற்கத் தொடங்க, ஆரும் பிசி செய்யலாம் எண்ட நிலை வந்தது.

ஐபிஎம் சும்மா இருக்கேல்லை. 1987 இல பிஎஸ்/2 வந்தபோது காட் செருகும் இடத்தையே மாத்தி, பாவிக்கிறதெண்டால் உரிமக் காசு கட்டு எண்டது. அடுத்த வருசமே கொம்பாக் உட்பட ஒன்பது கம்பனிகள் சேர்ந்து தங்கட பொதுத் தரமொன்றை அறிவிச்சினம். ஐபிஎம்மின்ர பூட்டு எடுபடேல்லை. 1995 இல இன்ரெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அளவுதான் இண்டைக்கும் பெரும்பாலான கேசிங்குகளிலும் பவர் சப்ளைகளிலும் இருக்கு.

இந்தக் கதையில எங்களுக்கு ஆகப் பிடிச்ச இடம் 1998 ஓகஸ்ட். இன்ரெல் ஒரே நாளில் இந்தப் புரொசசர்களையும் விட்டது: 669 டொலருக்கு பென்ரியம் 2 (450 மெகாஹேட்ஸ்), 149 டொலருக்கு செலரோன் 300ஏ. மலிவானதின்ர வேகம் கூடாமல் இருக்கப் பெருக்கியை 4.5 இல பூட்டித்தான் வைச்சிருந்தது. ஆனா பஸ் வேகம் மதர்போட்டின்ர கையில எல்லோ இருக்கு? ஏபிற் பிஎச்6 போல ஒரு போட்டை வாங்கி, 66 ஐ 100 ஆக மாத்தினால், 4.5 தர 100, 450! எல்லாச் சிப்பும் தாங்கேல்லை, ஆனா தாங்கினது கனக்க. புரொசசர் செய்தவன் போட்ட பூட்டைப் போட் செய்தவன் திறந்துவிட்டான். ரெண்டையும் ஒரே கம்பனி மட்டும் செய்திருந்தால் இது நடந்திருக்காது.

எங்கட ஊர் இந்தக் காலத்தில எங்க இருந்தது? 1993 இல 'டூம்' வெளிவந்தபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட காலம் எண்டு அம்மாமார் சொல்லுவினம். கதையின்ர நடுப்பகுதியில எங்கட ஆக்கள் இல்லை. நாங்கள் வந்து சேர்ந்தது பிந்தி, அதுவும் 2022 இல ஒரு அடி விழுந்த பிறகு. மார்ச் தொடக்கத்தில ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதம் 360 ஐத் தொட்டது. 100 டொலர்ச் சாமான் 20,000 ரூபாவிலிருந்து 36,000 ஆனது, வரியும் கடைக்காரரின்ர லாபமும் சேராமலே. பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில விலையைக் கேட்டுப்போட்டுத் திரும்பி வந்த பெடியள் கனபேர்.

அதே வருசம் செப்டெம்பர் 15 இல இன்னொண்டும் நடந்தது. எதீரியம் நாணயத்தைக் கிராபிக்ஸ் காட் வைத்துத் தோண்டுகிற முறை அண்டோட நிண்டது. உலகம் முழுக்கச் சுரங்கங்களில் இரவு பகலாக ஓடின காட்டுகள் பழைய சாமானாகச் சந்தைக்கு வந்தன. தம்பிக்கு நாங்கள் எடுத்த ஆர்எக்ஸ் 580 உம் பழசுதான். 2017 இல வந்த மொடல். இது எங்க ஓடினதோ தெரியாது, விசிறியில ஒரு சத்தம் மட்டும் இருந்தது.

மிச்சத்துக்கு ஒரு அலுவலகம் கழிச்ச பழைய பெட்டியை எடுத்தம். அங்கதான் பிழைச்சது. காட் 185 வாட் கேட்குது, பெட்டிக்குள்ள இருந்த பவர் சப்ளையில அதுக்கு வயரே இல்லை. சரியெண்டு புதுசொண்டு வாங்கினால், அதின்ர 24 முனைப் பிளக் அந்த மதர்போட்டுக்குப் பொருந்தேல்லை. செய்த கம்பனி தனக்கெண்டு 8 முனை வைச்சிருக்கு. 1987 இன்ர பூட்டு எங்கட மேசையில! தம்பியின்ர முகத்தைப் பார்க்க ஏலாமல் இருந்தது. கடைசியில ஒரு சின்ன மாற்று வயர் காப்பாத்தினது. ஆரோ ஒருத்தன் அதையும் செய்து விற்கிறான்.

முதல்முறை பொருத்திறவைக்கு: பழைய பெட்டி வாங்க முதல் மூடியைக் கழட்டி அந்தப் பிளக்கைப் பாருங்கோ. பவர் சப்ளையை மட்டும் பழசா வாங்காதேங்கோ. 2025 ஒக்டோபரில விண்டோஸ் 10 க்கான ஆதரவு முடிஞ்சதால, 11 ஐ ஏற்காத அலுவலகப் பெட்டிகள் இன்னும் கனக்க வெளியில வரும். அடுத்ததை அதிலதான் செய்யிறதா இருக்கிறம். தம்பியின்ர தங்கச்சிக்கு.