நேரமா, கருவியா, ஆளா?

ஒரு கணிப்பொறியைப் பலர் பகிர்ந்துகொண்டால் அதற்குக் கணக்கு வைப்பது எப்படி? கேள்வி எளியது, விடைதான் காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது.

1961 நவம்பரில் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோவின் குழுவினர் நேரப்பகிர்வு முறையைச் செய்து காட்டினர். கணிப்பொறி ஒருவருடைய வேலையைச் சிறிது செய்யும்; உடனே அடுத்தவருடையதை எடுத்துக்கொள்ளும். இந்த மாற்றம் மிக விரைவாக நடப்பதால், ஒவ்வொருவருக்கும் கணிப்பொறி தமக்கே உரியதுபோலத் தோன்றும். அங்கே எண்ணப்பட்டது நேரம். ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரமே ஒதுக்கப்பட்டது. அது போதாமல், 1962-இல் அவர் கடவுச்சொல் கோப்பையே அச்சிட்டு எடுத்துப் பிறர் கணக்குகளில் நுழைந்தார்!

பிறகு மேசைக்கு ஒரு கணிப்பொறி வந்தது. பகிர்வு மறைந்துவிடும் போலிருந்தது. ஆனால் 1995-இல் சிட்ரிக்ஸ் நிறுவனத்தின் வின்பிரேமும், 1998-இல் மைக்ரோசாப்டின் விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வரும் அதை மீட்டுக் கொண்டுவந்தன. புரோகிராம் சர்வரில் இயங்கும். நம் மேசையிலுள்ள கருவி விசைத் தட்டல்களை அனுப்பித் திரைக்காட்சியைப் பெறும். 2009 முதல் இதன் பெயர் 'ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்'.

இங்கே நேரம் எண்ணப்படுவதில்லை. சர்வரை அணுகுவதற்கு ஓர் உரிமம், ரிமோட் டெஸ்க்டாப்புக்கு மற்றோர் உரிமம் என இரண்டு வேண்டும். விண்டோஸ் 2000-இல் ரிமோட் உரிமம் கருவிக்கு ஒன்றாக இருந்தது. 2003-இல் ஆளுக்கு ஒன்று என்ற வகையும் சேர்ந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லூரிக் கூடத்தில் 30 கணிப்பொறிகள். மூன்று பிரிவாக வரும் மாணவர் 90 பேர். கருவி வகையில் 30 ரிமோட் உரிமங்கள் போதும். ஆள் வகையில் 90 வேண்டும். ஓர் ஆசிரியர் மட்டும் கல்லூரியில் ஒன்று, வீட்டில் ஒன்று, கையில் ஒன்று என மூன்று கருவிகளிலிருந்து நுழைகிறாரா? அவருக்கு ஆள் வகையில் ஒன்றே போதும். "ஒரே சமயத்தில் 30 பேர்தானே இருக்கிறார்கள்" என்ற வாதம் இங்கே செல்லாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சர்வரை நிறுவிய பின் 120 நாள் சலுகைக் காலம் உண்டு. உரிமம் இல்லாமலே எல்லாம் நன்றாக நடக்கும். ஜூனில் நிறுவியவர்கள் இதை மறந்துவிட்டால், அக்டோபரில் செய்முறை வகுப்பின் நடுவே இணைப்பு மறுக்கப்படலாம். ஆள் வகையில் எண்ணிக்கை குறைந்தாலும் சர்வர் பெரும்பாலும் தடுப்பதில்லை. தடுக்கவில்லை என்பதால் உரிமம் உண்டு என்று ஆகிவிடாது. அந்தக் கணக்கு நம் பொறுப்பு.

ஆகவே விலையைக் கேட்கும் முன் 'இங்கே எண்ணப்படுவது எது?' என்று கேளுங்கள். பாதிச் செலவு அந்தக் கேள்வியிலேயே அடங்கியிருக்கலாம்.