சுடுகாட்டு மல்லியும் ஒரு திருவுளச்சீட்டும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் நித்தியகல்யாணியைப் பார்த்திருப்பீர்கள். சுடுகாட்டு மல்லி என்றும் அதற்குப் பேர் உண்டு. அந்தச் செடியைக் காட்டித்தான் என் மாமாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவருக்கு லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். டாக்டர் "ட்ரையல்ல சேர்றீங்களா?" என்று கேட்டதிலிருந்து, "நம்மள வச்சு மருந்தச் சோதிச்சுப் பாக்குறாங்களோ?" என்று ஒரே பயம்.

ஜமைக்காவில் இந்த இலையைச் சர்க்கரை வியாதிக்குக் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள் அதை எலிக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அவரும் சார்லஸ் பியரும் 1958-இல் வின்பிளாஸ்டின் பற்றி வெளியிட்டார்கள். அதே செடியிலிருந்து கிடைத்த வின்கிரிஸ்டினுக்கு 1963-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. செல் இரண்டாகப் பிரிவதை இவை தடுக்கின்றன.

வின்கிரிஸ்டினோடு மூன்று மருந்து சேர்ந்ததுதான் லிம்போமாவுக்கான 'சாப்' சிகிச்சை. பின்னாலேயே கூடுதல் மருந்துகளோடு மூன்று புது முறைகள் வந்தன. தனித்தனி ஆஸ்பத்திரிக் கணக்கில் அவைதான் உசத்தி என்று தெரிந்தது. நிஜமாகவே உசத்திதானா? அமெரிக்காவில் 899 நோயாளிகளைத் திருவுளச்சீட்டு போட்ட மாதிரி நான்கு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். 1993-இல் முடிவு வந்தது. மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் சாப்பில் 54%, மற்றவற்றில் 50 முதல் 52%. மருந்தின் நச்சால் இறந்தவர்கள் சாப்பில் 1%, புது முறைகளில் 3 முதல் 6%. பழைய முறையே நின்றது.

"அப்போ புதுசெல்லாம் வீண்தானா?" என்றார் மாமா. அப்படியும் இல்லை. 2002-இல், 60 முதல் 80 வயதுக்குள் இருந்த 399 பேரிடம் நடந்த பிரெஞ்சு ஆய்வில், சாப்போடு ரிட்டுக்ஸிமாப் சேர்த்தவர்களில் 70% பேர் இரண்டு வருஷம் கழித்தும் இருந்தார்கள். சேர்க்காதவர்களில் 57%. சீட்டு போட்டுப் பார்க்கிறவரை டாக்டருக்கும் பதில் தெரியாது, அதனால்தான் ட்ரையல்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. 1984-இல் அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு எம்சிபி 841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கொண்டுவந்தன. அதிலும் வின்கிரிஸ்டின் உண்டு.

இந்தியாவில் 2009 முதல் எந்த மருந்து ஆய்வையும் அரசின் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். சம்மதப் படிவம் நமக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வழக்கமான வைத்தியம் நிற்காது.

மறுவாரம் மாமா டாக்டரிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "எதோட எத ஒப்பிடுறீங்க?" டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தார். கையெழுத்து போடுவதா வேண்டாமா என்பது மாமாவின் முடிவு. படிவத்தை வீட்டுக்கு வாங்கி வந்திருக்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறார்.