புள்ளி தொலைந்த கதை

ஆரணியில் பட்டு நெய்வோரிடம் 'கொடி' என்றால் சேலைக் கரையில் ஓடும் பூங்கொடி. 'கோடி' என்றால் புதுத்துணி. இன்று இரண்டையும் எவரும் குழப்பிக்கொள்வதில்லை. நானூறு ஆண்டுகளுக்கு முன் ஓலையில் எழுதியிருந்தால்? இரண்டும் ஒரே உருவில்தான் இருந்திருக்கும்!

தொல்காப்பியம் இதற்கு வழி சொல்லியே இருக்கிறது: எகர, ஒகரக் குறில்கள் புள்ளி பெறும், நெடில்கள் பெறா. ஆனால் விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது அழுத்தம் என்று வகுப்பில் படிக்கிறோம் அல்லவா? எழுத்தாணி முனையின் பரப்போ மிகச் சிறிது. ஓரிடத்தில் ஊன்றினால் ஓலை பொத்துவிடும் என்று அஞ்சியே எழுதுவோர் புள்ளியை விட்டனர் என்பர். மெய்யெழுத்தின் புள்ளியும் கூடவே போயிற்று. எழுதியவருக்குப் பொருள் தெரியும். படிப்பவர் பாடுதான் திண்டாட்டம்.

இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர் (1680-1747) புள்ளியை நம்பவில்லை. கொம்பின் தலையைச் சுழித்து நெடிலுக்கு அடையாளமாக்கினார். 1738-இல் தரங்கம்பாடியில் அச்சான அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தில் இம்மாற்றத்தைக் காணலாம். வெளியிலிருந்து வந்து கற்றவர் என்பதால்தான் இக்குறை அவர் கண்ணில் பட்டது என்பது என் எண்ணம். சொல்லை முன்பே அறிந்தவர்கள் ஊகித்துப் படித்துவிடுவார்கள்; அவருக்கு அது முடிந்திராது.

மெய்யின் புள்ளி பின்னர் அச்சில் திரும்பி வந்து நிலைத்தது. ஈய எழுத்துக்குத் தாள் கிழியும் என்ற அச்சம் ஏது?