பிசின் கசியும் மரமும் அரக்குப் பூச்சும்

கிதாரின் வரலாற்றை எழுதியோர் அதன் வடிவத்தைப் பற்றியும் நரம்புகளைப் பற்றியும் அதை மீட்டிப் புகழ்பெற்ற கலைஞர்களைப் பற்றியும் நிறையவே எழுதியிருக்கின்றனர். அதன்மேல் பூசப்படும் பூச்சைப் பற்றி எழுதியோர் மிகக் குறைவு. பளபளப்பு வெறும் அலங்காரந்தானே என்னும் எண்ணம் அதற்குக் காரணமாகலாம். ஆனால் அந்தப் பூச்சின் கதையைப் பின்தொடர்ந்து சென்றால், நம் நாட்டுக் காடுகளுக்கே வந்து சேர்கிறோம் என்பது வியப்பூட்டும் செய்தி.

இன்று நாம் காணும் ஸ்பானியக் கிதாருக்கு உருவம் தந்தவர் அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892). முன்பலகைக்கு வெளிறிய ஸ்ப்ரூஸ் மரமும், பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் சைப்ரஸ் அல்லது ரோஸ்வுட் மரமும் அக்கால ஸ்பானியப் பட்டறைகளின் வழக்கம். இவற்றுள் உயர்ந்ததாக மதிக்கப்பட்டது ரோஸ்வுட். நம் மலைப்பகுதிகளில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் வழங்கும் மரம் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஐரோப்பியர் அன்று பெரிதும் விரும்பியது பிரேசில் நாட்டு வகையை.

அந்த உயர்ந்த மரமே கைவினைஞனுக்குப் பெருந்தொல்லையாகவும் இருந்தது. ரோஸ்வுட்டின் வைரத்தில் எண்ணெய்ப் பசையும் பிசினும் நிறைந்துள்ளன. பூஞ்சையும் பூச்சியும் அண்டாதபடி மரம் தனக்காகச் சேர்த்துக்கொண்ட காப்பு அது. ஆளி விதை எண்ணெயில் காய்ச்சிய வார்னிஷ், காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று, வேதிமாற்றம் அடைந்து இறுகுவது. ரோஸ்வுட்டின் பிசினோ அந்த மாற்றத்தையே தடுத்துவிடும். விளைவு, பூசி நாட்கள் பல கடந்தும் விரல் பட்டால் ஒட்டும் பூச்சு. மரத்தைக் காத்த பொருளே அதன் அழகை மெருகேற்ற வந்தவனுக்கு எதிராக நின்றது.

சாராயத்தில் நனைத்த துணியால் மரத்தைத் துடைப்பது ஒரு வழி. மேற்பரப்பின் பசை அகலும். ஆனால் உள்ளிருப்பது மீண்டும் மெல்லக் கசிந்து வரும். அத்துடன் மரத்தின் கருஞ்சிவப்புச் சாயமும் கரைந்தோடி, ஓரங்களில் பதித்த வெண்ணிறக் கோடுகளையும் ஸ்ப்ரூஸ் பலகையையும் கறைப்படுத்திவிடும். எந்தத் திசையில் துடைப்பது, எந்த ஓரத்தில் கையை நிறுத்துவது என்பதுகூடப் பழகித் தெளிய வேண்டிய கலையாயிற்று.

இத்தொல்லைக்குப் பொருத்தமான விடையாய் அமைந்தது அரக்கு. வாரணாவதத்து அரக்கு மாளிகையை அறிந்த நமக்கு அது புதிய பொருளன்று. புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. சோட்டா நாகபுரிக் காடுகளில் பழங்குடி மக்கள் சேகரித்த அரக்கு, 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தா துறைமுகம் வழியே உலகெங்கும் சென்றது. அதைச் சாராயத்தில் கரைத்துப் பூசினால், சாராயம் ஆவியாகி அரக்கு மட்டும் மரத்தில் தங்கும். இறுகுவதற்கு வேதிமாற்றம் எதுவும் வேண்டியதில்லை. ஆகவே அதைத் தடுக்க ரோஸ்வுட்டின் பிசினால் இயலாது. ஒரு பிசினின் பிடிவாதத்தை மற்றொரு பிசின் வென்றது எனலாம்.

நம் ஊர்த் தச்சர்களும் 'பிரெஞ்சு பாலிஷ்' என்றே குறிப்பிடும் அம்முறை, மிகுந்த பொறுமையைக் கோருவது. பஞ்சைத் துணியில் பொதிந்து சிறு பொட்டலமாக்குவர். ஸ்பானியர் அதற்கு இட்ட பெயர் 'முன்யேக்கா'. பொம்மை என்பது அச்சொல்லின் பொருள். நுரைக்கல் தூளைச் சேர்த்துத் தேய்க்கும்போது மரமே நுண்துகளாகி அதன் துளைகளை நிரப்பும். பின்னர் ஏறத்தாழ உலர்ந்த பொட்டலத்தால் அரக்கை வட்டவட்டமாகப் படரவிடுவர். ஈரம் மிகாமையால் சாயம் ஓடுவதில்லை. பூச்சு மிக மெல்லியதாய் அமைவதால் பலகையின் அதிர்வும் கெடுவதில்லை.

1833இல் அமெரிக்காவில் தொடங்கிய மார்ட்டின் நிறுவனமும் 1920கள் வரை அரக்குப் பூச்சையே பெரிதும் பயன்படுத்திற்று. அப்போது மோட்டார் வாகனங்களுக்காக வந்த நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு கிதாரையும் ஆட்கொண்டது. குழலால் தெளிக்கலாம், விரைவில் உலரும், அரக்கைப்போல் வியர்வைக்கு எளிதில் இளகுவதில்லை. அதன் பெயர் லாக்கர். 'லாக்ஷா' என்னும் வடசொல் வழிவந்த பெயர் அது. பொருளில் அரக்கு இல்லை. பெயரில் மட்டும் எஞ்சி நின்றது. பின்னர் வந்த பாலியெஸ்டர் பூச்சுகள் வேதிமாற்றத்தால் இறுகுபவை. ஆதலால் பழைய தொல்லை திரும்பிற்று. ரோஸ்வுட்டின்மேல் தடுப்புப் பூச்சு ஒன்றை முதலில் பூசாமல் அவற்றைப் பூச இயலவில்லை. கையால் செய்வோர் பலர் இன்றும் மெல்லிய அரக்குப் பூச்சில்தான் வேலையைத் தொடங்குகின்றனர்.

இதற்கிடையில் மரமும் இடம் மாறிற்று. 1960களின் இறுதியில் பிரேசில், அறுக்காத கட்டைகளின் ஏற்றுமதியை நிறுத்தியது. 1969இல் மார்ட்டின் நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி, அமெரிக்கக் கிதாரின் முதுகாயிற்று. பிரேசில் வகையின் பன்னாட்டு வணிகம் 1992இல் தடைசெய்யப்பட்டது. 1994இல் தமிழ்நாடு ஈட்டி மரங்களைக் காக்கத் தனிச் சட்டமே இயற்றியது. 2017இல் இம்மரக் குடும்பம் முழுவதும் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது; செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019இல் தளர்வு கிடைத்தது.

பூஞ்சையையும் பூச்சியையும் எதிர்த்து நிற்கத் தெரிந்த மரம், வார்னிஷையும் தடுத்து நின்ற மரம், வாளை மட்டும் தடுக்க இயலாமல் சட்டத்தின் நிழலை நாடவேண்டியதாயிற்று. கிதாரின் வரலாற்றில் தோரெஸுக்கு உரிய இடம் கிடைத்துவிட்டது. அந்த ஈட்டி வளர்ந்த மலைக்கும், கிளை கிளையாய் அரக்குச் சுரண்டிய கைகளுக்கும் அதே வரலாற்றில் ஒரு பத்தியேனும் ஒதுக்குவதே நேர்மை என்பது நம் எண்ணம்.