உயர் மீடிறன் அலைகளின் வீச்ச அளவீடு: ஒரு வரலாற்று நோக்கு

மாவடிப்பள்ளி வயல் சூழ்ந்த தாழ்நிலம். மாரியில் வெள்ளம் மேவி வடிந்த பின், அது எட்டிய உச்சத்தைச் சுவரிற் படிந்த கறைக்கோடு காட்டி நிற்கும். நீரின் ஒவ்வோர் அசைவையும் பின்தொடர்ந்தவர் எவருமிலர். ஆயினும் உச்சம் அறியப்படுகின்றது. மின்சுற்றுகளில் உயர் மீடிறன் அலைகளின் வீச்சத்தை அளந்தறியும் முறையும் இத்தகையதே.

செக்கனுக்குப் பல இலட்சம் தடவை திசைமாறும் ஓட்டத்தை அசையுஞ்சுருள் மானியின் முள் பின்தொடர இயலாது. சராசரி பூச்சியமாதலின் முள் அசைவற்றிருக்கும். ஆகவே ஓட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் கதவொன்று வேண்டப்பட்டது. உலோகச் சல்பைட்டுப் பளிங்குகளில் இப்பண்பினை 1874இல் ஜேர்மனியரான பேர்டினண்ட் பிரவுண் கண்டறிந்தார். கல்கத்தா பிரெசிடென்சிக் கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ், சிற்றறையொன்றில், தகரவேலையாளர் ஒருவரின் துணையோடு கருவிகளை ஆக்கி, மில்லிமீற்றர் அளவு அலைநீளமுடைய மின்காந்த அலைகளை ஆராய்ந்தார். கலேனாப் பளிங்கினாலான அவரது உணர்கருவிக்கான காப்புரிமை விண்ணப்பம் 1901இல் ஐக்கிய அமெரிக்காவிற் பதிவாகி, 1904இல் உரிமை வழங்கப்பட்டது. அறிவைத் தனியுடைமையாக்க விரும்பாத போஸ், நண்பர்களின் வற்புறுத்தலாலேயே இதற்கு இசைந்தார். அதே 1904இல் இங்கிலாந்தில் பிளெமிங் இருவாயி வால்வினை ஆக்கினார். 1922இல் மூலின் வால்வு வோல்ற்றுமானியை அமைத்ததோடு, உயர் மீடிறன் அளவீடு ஆய்வுகூடத்தில் உறுதிபெற்றது.

பின்வந்த உச்ச அளவிகளில் இருவாயியோடு கொள்ளளவி ஒன்றும் இணைந்தது. அலை உயரும்போது கொள்ளளவி ஏற்றம் பெறுகின்றது. அலை தாழும்போது இருவாயி திரும்பிச் செல்ல விடுவதில்லை. எனவே சுவர்க்கறை போன்று உச்சம் தங்குகின்றது. முள் அதனை வாசிக்கின்றது.

எனினும் இக்கதவுக்கு ஒரு வாயிற்படி உண்டு. சிலிக்கன் இருவாயி ஏறத்தாழ 0.6 வோல்ற்றுக்குக் கீழ் போதியளவு திறப்பதில்லை. ஜேர்மானிய இருவாயிக்கு ஏறத்தாழ 0.2 முதல் 0.3 வோல்ற்று போதும். வாயிற்படியைத் தாண்டாத அலை சுற்றில் இருந்தபோதும், மானி அதனை இல்லையென்றே கூறும். ஆகவே மானி காட்டுவது அலையை அன்று, கதவு கடக்கவிட்டதையே.

வரலாற்றுக்கும் இது பொருந்தும் என நாம் கருதுகின்றோம். வானொலியின் தோற்றம் பெரும்பாலும் மார்க்கோனி, பிளெமிங் ஆகியோர் பெயர்களாலேயே சொல்லப்பட்டு வந்துள்ளது. குடியேற்ற நாடொன்றின் சிற்றறையும் தகரவேலையாளரின் கைத்திறனும் அவ்வரலாற்றின் வாயிற்படிக்குக் கீழே நின்றுவிட்டன. மாவடிப்பள்ளிக்கு அயலேயுள்ள சம்மாந்துறையில் இன்று தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இயங்குகின்றது. அங்கு பயிலும் மாணவர் மானியின் வாசிப்பைத் திருத்தக் கற்பது போன்றே, வரலாற்றின் வாசிப்பையும் திருத்தக் கற்றல் வேண்டும்.