ஒரு பிரியாவிடைப் பாட்டின் மூன்றாம் கண்ணி

அமெரிக்காவின் டென்னசி மாகாணத்து மலைப்பிரதேசத்தில், பன்னிரண்டு குழந்தைகள் பிறந்த ஓர் ஏழைக் குடும்பத்தில் 1946-ஆம் ஆண்டு தோன்றிய டாலி பார்ட்டன், போர்ட்டர் வாகனர் என்னும் பிரசித்தி பெற்ற பாடகர் நடத்திவந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 1967-இல் சேர்ந்து, அவருடைய ஆதரவினாலேயே நாடறிந்த பாடகியானார். பின்னர்த் தனிவழி செல்ல விரும்பிய காலத்தில், எவ்வளவு வாதித்தும் அவரை இணங்கச் செய்ய இயலாமற்போகவே, தம் மனத்தில் இருந்ததையெல்லாம் ஒரு பாட்டாக எழுதி அவர் முன்னிலையிற் பாடினார். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்ற அப்பாட்டை இன்று காதற்பாட்டென்றே உலகம் கொண்டாடுகின்றது. ஆயினும் அதன் பிறப்பு, நன்றி மறவாத ஒரு மாணாக்கி தன்னை வளர்த்தவரிடம் விடைபெற்ற சந்தர்ப்பத்தில் நிகழ்ந்தது. இதனை மறந்தால் அதன் பிற்காலச் சரித்திரம் விளங்காது.

1973 ஜூன் 13-ஆம் தேதி நாஷ்வில் நகரத்தில் ஒலிப்பதிவான மூலவடிவத்தில் மூன்று கண்ணிகள் உள்ளன. முதலிரண்டும் பாடப்பெற, விட்டுச் செல்பவரின் நல்வாழ்த்தாக அமைந்த மூன்றாவது கண்ணியைப் பார்ட்டன் பாடவில்லை. தணிந்த குரலிற் பேசுகின்றார். இசையினிடையே வசனம் பேசுதல் கண்ட்ரி சங்கீதத்தில் நெடுநாளாக வழங்கிவந்த மரபு. வாகனரே அதில் வல்லவரென்று பெயர் பெற்றவர். ஆகவே, அவருக்குரிய முறையிலேயே அவருக்கு வாழ்த்துக் கூறப்பட்டது என்று கொள்வது பொருத்தமென்பது என் அபிப்பிராயம்.

1974-இல் இப்பாட்டு கண்ட்ரி இசைவரிசையில் முதலிடம் எய்திற்று. எல்விஸ் பிரெஸ்லி இதனைப் பாட விரும்பினார். ஆனால் அவருடைய நிர்வாகி டாம் பார்க்கர், வெளியீட்டுரிமையிற் பாதியைத் தந்தாலன்றி ஒலிப்பதிவு நடவாதென்று நிபந்தனை விதிக்கவே, பார்ட்டன் கண்ணீருடன் மறுத்துவிட்டார். அக்காலத்தில் எல்விஸின் குரலை வேண்டாமென்று சொல்வதற்கு எத்தகைய மனத்திண்மை வேண்டும்!

மறு ஆண்டில் லிண்டா ரான்ஸ்டாட் இதனைத் தம் இசைத்தட்டொன்றிற் சேர்த்தார். அதில் மூன்றாம் கண்ணி இல்லை. இனிமைக்குக் குறைவில்லாத அப்பதிவில், பிரிவின் துயரம் உண்டு; பிரிந்தோர் நலம்பெறுக என்ற ஆசி மட்டும் மறைந்தது. 1982-இல் ஒரு திரைப்படத்திற்காகப் பார்ட்டன் மீண்டும் பாட, அதே பாட்டு கண்ட்ரி வரிசையில் இரண்டாம் முறையும் முதலிடத்தைப் பெற்றது.

ஏட்டுச்சுவடிகளின் பாடபேதங்களை ஆராய்வோர் நன்கறிந்த ஓர் உண்மை, பிற்காலப் பிரதி எப்போதும் மூலத்தைப் பார்த்தே எழுதப்படுவதில்லை என்பது; இடையிலுள்ள பிரதியின் குறைகளும் அதனுடன் வந்து சேரும். 1992-இல் 'தி பாடிகார்ட்' திரைப்படத்திற்கு முதலிற் கருதிய பாட்டு வேறொரு படத்திற் பயன்பட்டுவிட்டமையால், கதாநாயகர் கெவின் காஸ்ட்னர் இப்பாட்டைக் குறிப்பிட்டு, விட்னி ஹ்யூஸ்டனுக்குக் கேட்பித்தது ரான்ஸ்டாட்டின் பதிவையே. இசையமைப்பாளர் டேவிட் ஃபாஸ்டரிடம் தொலைபேசியிற் பேசுகையில் இச்செய்தியை அறிந்த பார்ட்டன், விடுபட்ட கண்ணியைச் சொல்லிக் கொடுத்தார்.

ஹ்யூஸ்டன், நியூவார்க் நகரத்துப் பாப்டிஸ்டு தேவாலயத்தின் பாடகர் குழுவில் வளர்ந்தவர். முதற்கண்ணியை எவ்வித வாத்தியமுமின்றித் தனிக்குரலாற் பாடுவதை இசைத்தட்டு நிறுவனத்தார் விரும்பாதபோதும், அவரும் காஸ்ட்னரும் உறுதியாக நின்றனர். பொதுவரிசையில் 14 வாரம் முதலிடத்தில் நின்ற இப்பதிவைப் பற்றிப் பேசுவோர் யாவரும், ஒரு கணம் ஓசையடங்கி, முரசின் ஓரடி விழுந்து, சுருதி உயர்ந்து பல்லவி எழும் இடத்தையே வியப்பர். அவ்விடத்திற்குச் சற்று முன்னர் அவர் பாடுவது மூன்றாம் கண்ணிதான். மூலத்தில் பேச்சாக இருந்த வாழ்த்து இங்கே பாட்டாகி, மெல்லத் தொடங்கிப் படிப்படியாக ஏறி, அந்த முரசடியின் விளிம்பிற் கொண்டுபோய் நம்மை நிறுத்துகின்றது. ரான்ஸ்டாட்டின் பாடத்தையே முற்றும் பின்பற்றியிருந்தால், அவ்வெழுச்சி தொடங்குவதற்கு ஓர் அடியும் இராது.