பிரித்தானியாவில் பெருநீல வண்ணத்துப்பூச்சி
பெருநீல வண்ணத்துப்பூச்சி, ஐரோப்பியப் புல்வெளிகளில் காணப்படும் நீலன்கள் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இனமாகும். 1979 இல் இது பிரித்தானியாவில் அற்றுப்போனது. புல்வெளியின் பயன்பாடு மாறுவதே அங்குள்ள பூச்சிகளை அழிக்கப் போதுமானது என்பதை இதன் வரலாறு காட்டுகிறது.

வாழ்க்கை முறை
பெண் பூச்சி, காட்டுத் தைம் என்னும் செடியின் பூமொட்டுகளில் முட்டையிடும். பொரித்த புழு சில வாரங்கள் பூவை உண்டு வளர்ந்தபின் தரையில் விழும். மிர்மிக்கா வகைச் சிவப்பெறும்புகள் அதனைத் தம் குஞ்சு எனக் கருதிப் புற்றுக்குள் எடுத்துச் செல்லும். அங்கு ஏறத்தாழ பத்து மாதங்கள் அது எறும்புக் குஞ்சுகளையே தின்று வளரும்.

அழிவும் காரணமும்
சேகரிப்பாளர்களே அழிவுக்குக் காரணம் என முதலில் கருதப்பட்டது. அவர்களைத் தடுக்க வேலியிட்ட இடங்களில் கால்நடைகளும் மேயவில்லை. பாதுகாப்பே கேடாக முடிந்தது. 1953 இல் பரவத் தொடங்கிய மிக்சோமட்டோசிசு நோயால் முயல்களும் பெருமளவில் மடிந்தன. புல் உயர்ந்து, நிலம் நிழலால் குளிர்ந்தது. 1970களில் ஆய்வு செய்த செரமி தாமசு, புழுக்கள் மிர்மிக்கா சபுலெட்டி என்ற எறும்பின் புற்றுகளிலேயே நன்கு பிழைக்கின்றன என்று கண்டறிந்தார். அவ்வெறும்புக்குக் குட்டைப் புல்லும் வெயிலேறிய மண்ணும் தேவை. தைம் செடி எஞ்சியிருந்த இடங்களிலும் எறும்பு மறைந்ததால் வண்ணத்துப்பூச்சியும் மறைந்தது.

மீள் அறிமுகம்
மேய்ச்சல் மீட்கப்பட்ட பின், 1983 முதல் சுவீடனிலிருந்து கொண்டுவரப்பட்ட புழுக்கள் விடப்பட்டன. தென்மேற்கு இங்கிலாந்தில் இவ்வினம் மீண்டும் நிலைபெற்றுள்ளது. குட்டைப் புல்லை விரும்பும் வேறு அரிய பூச்சிகளும் இம்மேய்ச்சலால் பயனடைந்தன.